மீட்கப்பட்ட குட்டியை வீட்டு நாயுடன் எப்போது சேர்க்கலாம்?

கேள்வி:
வணக்கம். வேளச்சேரியில் மழைநீர் வடிகாலிலிருந்து மீட்கப்பட்ட, ஏறத்தாழ இரண்டு மாத வயதுடைய நாட்டு நாய்க்குட்டி ஒன்றை, நிரந்தர வீடு அமையும் வரை பராமரிக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். எங்களிடம் ஏற்கெனவே ஆறு வயது நாய் இருப்பதால், இரண்டையும் எப்போது பழகவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
குறைந்தது 14 நாள்கள் தனி அறையில் வையுங்கள். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் தொற்றிய பின் அறிகுறி வெளிப்பட இரண்டு வாரம் வரை ஆகலாம் என்பதால், குட்டி துள்ளி விளையாடுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. வாந்தியோ, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோ தென்பட்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தாமதித்து நான் ஒரு குட்டியை இழந்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. தரையைத் துடைக்கச் சாதாரண பினாயிலை நம்பாமல், ஒரு பங்கு திரவ பிளீச்சுடன் முப்பது பங்கு நீர் கலந்து, தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதுடன், உங்கள் பெரிய நாயின் தடுப்பூசிகள் நிலுவையில் உள்ளனவா என்று முதலில் பாருங்கள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. வெங்காயம் சேர்ந்த சாம்பார் சாதத்தை எந்த நாய்க்கும் தரலாகாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. குட்டி எங்களை விளையாட்டாகக் கடித்தாலும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1:
பல் பட்டுத் தோல் கீறினால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில்தான் வழக்கமாகப் போடுவார்கள்.