கையிலும் டிவியிலும் ஓடும் கேம் கன்சோல் ஜெயிக்குமா?

கேள்வி: ஒரே கருவி ரெண்டு வேலையும் பார்த்தா, ரெண்டுமே அரைகுறையா ஆகாதா? நின்டெண்டோ ஸ்விட்ச் எப்படித் தப்பிச்சது?

பதில் 1: எங்கே விட்டுக்கொடுக்கணும்னு கணக்குப் போட்டு செஞ்சாங்க. டாக்கில் (டிவியோட இணைக்கிற தாங்கி) செருகினா ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், 768 மெகாஹெர்ட்ஸ் வேகத்துல ஓடும், படத் தெளிவு 1080பி வரை. கையில் வெச்சா வேகம் ஏறக்குறைய பாதி, திரை 720பி. 6.2 அங்குலத்துல அது உறுத்தாது. டாக்குக்குள்ள தனி கிராபிக்ஸ் சிப் கிடையாது.

பதில் 2: நின்டெண்டோவோட முந்தைய கன்சோல் வீ யூ 1.36 கோடி விற்பனையோட நின்னுபோச்சு. அதோட கைத்திரை கன்சோலை விட்டுத் தள்ளிப்போனா செத்துடும். ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிச்சு. முக்கியமா, கைக்கருவி, டிவி கன்சோல்னு ரெண்டு கருவிக்குப் பிரிஞ்சிருந்த கேம்கள் ஒரே இடத்துக்கு வந்துச்சு.

பதில் 3: ஸ்விட்சோட பலவீனம் ஜாய்கான் (கழட்டி மாட்டுற கன்ட்ரோலர்) ஸ்டிக்தான். உள்ளே கார்பன் தடம் தேய்ஞ்சா ஸ்டிக்கைத் தொடாமலே கேம்ல பாத்திரம் நகரும். முதல்ல காலிபரேட் பண்ணுங்க, அதாவது ஸ்டிக்கோட நடு நிலையைத் திருத்துங்க. சரியாகலைன்னா ஸ்டிக்கை மாத்துங்க. மூணு இதழ் திருகாணிக்கான ஸ்க்ரூடிரைவர் வேணும். ரிப்பன் கேபிளை இழுத்துடாதீங்க, எளிதில் கிழியும்.