மோசடி வழக்குகளின் பின்னால் போனவர்கள்: நெல்லைச் சீமை அனுபவங்கள்

பாளையங்கோட்டை வழக்குரைஞர்:

பன்னாட்டு நிறுவன மோசடி வழக்குகளில் வேலை பார்த்தேன் என்றால், உடனே லண்டனையும் சிங்கப்பூரையும் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கு வாய்த்த பெரிய வழக்கு ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில்தான் திரும்பியது.

வழக்கு நடந்தது சென்னையில். ஒரு கம்பெனியின் பணம் கடன் என்ற பெயரில் ஹாங்காங்கில் இருந்த இன்னொரு கம்பெனிக்குப் போய், அங்கிருந்து மாயமாகிவிட்டது. பங்குதாரர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். ஹாங்காங் பதிவேட்டில் அந்தக் கம்பெனியின் ஒரே இயக்குநருக்கு நம் பக்கத்து முகவரி இருந்ததால், அவர்களின் சென்னை வக்கீல்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே தனியார் கம்பெனியில் குறைந்தது ஓர் இயக்குநராவது உயிருள்ள மனிதராக இருக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். ஆனால் அவர் ஹாங்காங்கில் குடியிருக்க வேண்டியதில்லை. மோசடி செய்பவனுக்கு ஒரு பெயரும் ஒரு பாஸ்போர்ட் நகலும் இருந்தால் போதும்.

போய்ப் பார்த்தால், இயக்குநர் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்பு துபாயில் ஒரு முதலாளியிடம் கார் ஓட்டியவர். மனைவி முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, உங்கள் பெயரில் ஹாங்காங்கில் ஒரு கம்பெனி இருக்கிறது" என்றேன். "என் பெயரில் இங்கே ஒரு சென்ட் நிலம்கூட இல்லையே ஐயா" என்றார். அந்த அம்மாள் சுற்றுகிற கையை நிறுத்தாமல் கேட்டார்: "அந்தக் கம்பெனிக்குக் கடன் ஏதும் உண்டா?" பெரிய தணிக்கையாளர்கள் பலருக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

2018 அக்டோபரில் ஹாங்காங்கில் கூட்டம் நடந்ததாகவும், இவர் நேரில் இருந்து தீர்மானத்தில் கையெழுத்திட்டதாகவும் எதிர்த்தரப்பு மினிட்ஸ், அதாவது கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, தாக்கல் செய்திருந்தது. அதில் இருந்தது சுழித்துப் போட்ட ஆங்கிலக் கையெழுத்து. இவரோ தமிழில் கையெழுத்துப் போடுகிறவர். கடைசி எழுத்தின் புள்ளியை வைக்கும்போது பேனாவை அழுத்துவார். தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுப்படும். மாதிரிக்கு வாங்கிய ஒவ்வொரு தாளிலும் அந்த மேடு இருந்தது. மினிட்ஸ் தாளின் பின்பக்கம் வழவழவென்று இருந்தது.

இது மட்டும் போதாது. பாஸ்போர்ட்டில் ஹாங்காங் முத்திரை இல்லை என்று வாதாடவும் வழியில்லை. அங்கே 2013 முதல் முத்திரை குத்துவதில்லை, ஒரு சிறு சீட்டுத்தான் கொடுக்கிறார்கள். இந்தியாவிலிருந்து புறப்பட்ட முத்திரையும் இல்லையே என்றோம். "வேறு பாஸ்போர்ட் வைத்திருந்திருக்கலாம்" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், கொஞ்சமும் கூசாமல்.

எங்களைக் காப்பாற்றியது தாமிரபரணி மகா புஷ்கரம் என்ற ஆற்று நீராடல் விழா. அதுவும் அதே 2018 அக்டோபர். கூட்டம் நடந்ததாகச் சொன்ன தேதியில் இவர் மதுரைக் குடும்பம் ஒன்றைப் பாபநாசத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மருமகன் போனில் ஒரு படம் கிடைத்தது. ஈர வேட்டியோடு வேன் கதவில் சாய்ந்து நிற்கிறார்; பின்னால் புஷ்கரத்துக்கு வைத்த தட்டி. மின்னணுச் சான்று என்றால் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் வேண்டும் என்பதை 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனால், கருவியின் சொந்தக்காரரே அதை எடுத்துவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. எனவே மருமகனைப் போனோடு வரச்சொன்னோம். கீறல் விழுந்த திரை. சாட்சியம் பதிவுசெய்ய வந்த அட்வகேட் கமிஷனர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தின் தேதியையும் நேரத்தையும் வாய்விட்டுப் படித்தார். அன்றைய குறுக்கு விசாரணை சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள். ஒரு பகுதி வந்தது, சமரசத்தில். எங்கள் தொழிலில் இது வெற்றிக் கணக்கில்தான் சேரும்.

தூத்துக்குடி கிளியரிங் ஏஜென்ட்:

என் கதை சின்னது. வெளிநாட்டிலிருந்து பித்தளைக் கழிவு வரவழைத்த ஒருவர், சரக்கு வருவதற்கு முன் பில் ஆஃப் லேடிங் நகலைக் காட்டினார்; சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் ரசீது அது. முத்திரை, கையெழுத்து எல்லாம் கச்சிதம். எனக்குக் கன்டெய்னர் எண்ணைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்கிட்டால் அந்தக் கடைசி இலக்கம் வர வேண்டும். வரவில்லை. அப்படியொரு பெட்டி உலகத்திலேயே இருக்க முடியாது. கப்பல் கம்பெனிக்கு எழுதிக் கேட்டதில், அந்த பில் தாங்கள் கொடுத்ததே அல்ல என்று பதில் வந்தது.

எல்.சி. என்பது, ஆவணங்கள் சரியாக இருந்தால் விற்றவருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். அதற்கு வங்கி பணம் கொடுக்க வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600இன்படி வங்கி ஆவணத்தைத்தான் பார்க்கும், சரக்கைப் பார்க்காது. நீதிமன்றமும் லேசில் தடை கொடுக்காது. உத்தரப் பிரதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாளிலிருந்தே, மோசடி அப்பட்டமாகத் தெரிய வேண்டும் என்பதுதான் நிலைமை. வக்கீல் என் கணக்குத் தாளையும் கப்பல் கம்பெனியின் பதிலையும் மனுவோடு சேர்த்துவைத்தார். தடை கிடைத்தது. அந்த இறக்குமதியாளர் இன்றும் என் கட்டணத்தில் பேரம் பேசுகிறார் என்பது தனிக்கதை.

ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, திருநெல்வேலி டவுன்:

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. வ.உ.சி. என்ற வக்கீல் 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்த அதே மாதம்தான், சென்னையில் ஆர்பத்நாட் வங்கி கவிழ்ந்தது. அதன் லண்டன் கூட்டு நிறுவனமும் சேர்ந்தே விழுந்தது. வெள்ளைக்காரன் வங்கி என்று நம்பிப் போட்டவர்கள் பணம் போயிற்று. வழக்கை முன்னின்று நடத்தியவர் வி.கிருஷ்ணசாமி ஐயர். 'சர்' பட்டம் பெற்ற ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கே பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்தச் சூட்டோடுதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

நான் பணியில் இருந்தபோது, 2009இல் ஹைதராபாத் மென்பொருள் கம்பெனியான சத்யத்தின் விவகாரம் வெடித்தது. ஐயாயிரத்து நாற்பது கோடி ரூபாய் கணக்கில் இருந்தது, வங்கியில் இல்லை. தணிக்கையாளர்கள் வங்கியிடம் நேரடியாக எழுதிக் கேட்காமல், நிர்வாகத்தின் கை வழியாக வந்த காகிதத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 2020இல் ஜெர்மனியின் மின்னணுப் பணப்பரிவர்த்தனைக் கம்பெனியான வயர்கார்டும் அப்படித்தான். 190 கோடி யூரோ பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்னார்கள், அந்த வங்கிகள் கையை விரித்துவிட்டன. எங்கள் கிளையில் ஒரு நகைக்கடன் கொடுக்க நாங்கள் பார்த்த பத்திரம்கூட அவர்கள் பார்க்கவில்லை.

சட்டக் கல்லூரி மாணவி:

வக்கீல் ஐயாவிடம் ஒரு கேள்வி. இந்தத் துறைக்கு வர வெளிநாட்டில் படித்துத்தான் ஆக வேண்டுமா? நெல்லையில் இருந்துகொண்டு முடியாதா?

பாளையங்கோட்டை வழக்குரைஞர்:

படித்தால் நல்லது, கட்டாயமில்லை அம்மா. சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவைப் புரட்டிப் பாருங்கள். அறிவிக்கப்பட்ட நாடுகளின் மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்புகளை நம் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, இங்கேயே பிறந்த தீர்ப்பு போல நிறைவேற்றலாம். இங்கிலாந்தும் சிங்கப்பூரும் முன்பே அந்தப் பட்டியலில் உண்டு. 2020இல் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்துவிட்டது. வளைகுடாவில் பாதி ஊர் வேலை பார்க்கும் மாவட்டத்துக்கு இதன் பொருள் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு 13ஆம் பிரிவையும் படியுங்கள்; மோசடியால் பெற்ற தீர்ப்பு செல்லாது என்பது அதில் இருக்கிறது.

சட்டத்தைவிட முதலில் கணக்குப் படிக்கப் பழகுங்கள். விடுமுறையில் என் அலுவலகத்துக்கு வாருங்கள். ஒரு வழக்கின் வங்கிக் கணக்கு அறிக்கைகள் இரண்டு அலமாரி நிறையக் கிடக்கின்றன, குமாஸ்தாவுக்கும் துணை கிடைக்கும். காலையிலேயே வந்துவிடுங்கள், மதியத்துக்கு மேல் அந்த மாடி அறையில் வெயில் தாங்காது.