கனடாவில் இணையக் கடை: கணக்குக்கு முன்னே பெயரைச் சரிசெய்யுங்கள்

ஒன்ராறியோவுக்கு வந்து ஐந்து மாதமே ஆன ஒரு தங்கை, சுங்குடித் துணியில் தைத்த குர்த்திகளையும் குழந்தைகளுக்கான வெள்ளிக் கொலுசுகளையும் ஊரிலிருந்து வரவழைத்து விற்க எண்ணியிருப்பதாகச் சொல்லி, இணையக் கடை அமைத்துத் தரும் தளமான ஷாப்பிஃபையில் கணக்குத் திறக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டிருந்தார். கணக்குத் திறப்பது கால் மணி நேர வேலைதான். விற்ற பணம் உங்கள் வங்கிக்குத் தடையின்றி வந்து சேருமா என்பதோ, அந்தக் கால் மணி நேரத்துக்கு முன்னால் நீங்கள் முடித்து வைத்திருக்கும் காகித வேலைகளைப் பொறுத்தது. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் குடிவரவு நிலை. நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் திறந்த வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கும் சொந்தத் தொழில் செய்யத் தடையில்லை. ஒரே நிறுவனத்துக்கென்று தரப்பட்ட வேலை அனுமதியில் இருப்பவர்கள் பகுதி நேரமாகக்கூடக் கடை நடத்த முடியாது. மாணவர்கள், கடையில் செலவிடும் நேரமும் வேலை நேரமாகவே கணக்கிடப்படக்கூடும் என்பதால், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஒருவரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

அடுத்தது பெயர். நம்மவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். நமக்கு இருப்பது தன் பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும். இங்குள்ள படிவங்கள் கேட்பதோ முதற்பெயரும் குடும்பப் பெயரும். குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ள இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தால், இங்கே தரப்படும் ஆவணங்களில் முழுப் பெயரும் குடும்பப் பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது வழக்கம். என்னுடைய வங்கிக் கணக்கில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருந்தது, ஓட்டுநர் உரிமத்தில் முழுதாக இருந்தது, நான் முதன்முதலில் கடை திறந்த தளத்திலோ பழக்கதோஷத்தில் அப்பாவின் பெயரை முன்னால் போட்டுவிட்டேன். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எனக்குத் தெரியும். சரிபார்க்கும் கணினிக்குத் தெரியவில்லை. தீபாவளி விற்பனைப் பணம் பத்தொன்பது நாள் முடங்கியது. அந்த நாள்களில் வந்த ஆர்டர்களுக்கெல்லாம் கைப்பணத்தைப் போட்டுத்தான் தபால் அனுப்பினேன். ஆகவே குடிவரவு ஆவணத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அதையே வங்கியிலும் உரிமத்திலும் மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகே கடைக் கணக்கில் எழுதுங்கள். முகவரியில் அடுக்கக எண்ணைத் தெரு எண்ணுக்கு முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா என்பதைக்கூட ஒரே மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்கு உங்கள் முழுப் பெயரையே வைத்தால் ஒன்ராறியோவில் பெயர்ப் பதிவு தேவையில்லை. அதோடு ஒரு சொல்லைச் சேர்த்தாலும், வேறு பெயர் வைத்தாலும், மாகாண வணிகப் பதிவகத்தின் இணையத்தளத்தில் பதிய வேண்டும். கட்டணம் 60 டாலர், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இந்தப் பதிவு அந்தப் பெயரை உங்களுக்கு மட்டுமே உரியதாக்கிவிடாது என்பதையும் அறிந்திருங்கள். தொடக்கத்திலேயே கம்பெனி அமைக்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய வரும். மாதம் பத்து குர்த்தி விற்கும் கடைக்குத் தனியாள் வணிகமே போதும் என்பது என் கருத்து. பதிவுச் சான்றிதழோடு வங்கிக்குப் போய் வணிகக் கணக்கு ஒன்றைத் தனியே தொடங்குங்கள். ஊரில் ஐஎஃப்எஸ்சி எண் கேட்பது போல இங்கே ஐந்து இலக்கக் கிளை எண்ணும் மூன்று இலக்க நிறுவன எண்ணும் கேட்பார்கள். இவற்றை வங்கி தரும் நேரடி வைப்புப் படிவத்தைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

வரி விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, வருமான வரித் துறையிடம் பதியாமலே வாடிக்கையாளரிடம் எச்எஸ்டி என்ற விற்பனை வரியை வசூலிப்பது; மற்றது, பதிய வேண்டிய நேரம் கடந்தும் பதியாமல் இருப்பது. தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் உங்கள் மொத்த விற்பனை 30,000 டாலருக்குள் இருக்கும் வரை நீங்கள் சிறு விற்பனையாளர். பதிவு கட்டாயமில்லை, ஆனால் பதியாதவர் வரி என்று ஒரு காசும் வசூலிக்கக் கூடாது. இது லாபக் கணக்கல்ல, விற்பனைக் கணக்கு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே காலாண்டிலேயே அந்தத் தொகையைத் தாண்டிவிட்டால், தாண்ட வைத்த அந்த விற்பனையிலிருந்தே வரி வசூலிக்கும் கடமை தொடங்கிவிடும். தாண்டாதபோதும் விரும்பினால் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்தால் சரக்குக்கும் பெட்டிக்கும் தபாலுக்கும் நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற லாபமும், தவறாமல் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற சுமையும் சேர்ந்தே வரும். பதிந்த பிறகு, வாங்குபவர் இருக்கும் மாகாணத்தின் விகிதமே பொருந்தும்: ஒன்ராறியோவுக்கு அனுப்பினால் 13 விழுக்காடு, அல்பர்ட்டாவுக்கு அனுப்பினால் 5 விழுக்காடு. கடையின் வரி அமைப்பில் உங்கள் பதிவு எண்ணைச் சேர்த்தால் இந்தக் கணக்கைத் தளமே போட்டுக்கொள்ளும்.

வருமான வரி வேறு. தனியாள் வணிகத்தின் வரவு செலவை டி2125 படிவத்தில் காட்டி, ஜூன் 15க்குள் தாக்கல் செய்யலாம். வரி பாக்கி இருந்தால் அதை ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும். ரசீதுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

‘அண்ணன் பெயரில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, அதிலேயே விற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்சி போன்ற சந்தைத் தளங்கள், தங்களிடம் விற்பவர்களின் விவரங்களையும் விற்பனைத் தொகையையும் 2024ஆம் ஆண்டிலிருந்து கனடா வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு முப்பதுக்கும் குறைவான விற்பனையும், மொத்தம் 2,800 டாலருக்கு மிகாத தொகையும் உள்ள சரக்கு விற்பனையாளர்களுக்கே விலக்கு. உங்கள் விற்பனை, அண்ணனுடைய வரிக் கணக்கை அடையாளம் காட்டும் சமூகக் காப்பீட்டு எண்ணின் கீழ் போய் நிற்கும். மறு ஆண்டு அவருக்குக் கடிதம் வரும்போது உறவு கெடும்.

பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படம் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. தைத்த ஆடைகளில் நூலிழை விவரம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். விற்பவரின் பெயரும் அஞ்சல் முகவரியும், அல்லது அவற்றுக்குப் பதிலாக விற்பவரை அடையாளம் காட்டும், ஒருமுறை 100 டாலர் கட்டிப் பெறும் சிஏ எண்ணும் இருக்க வேண்டும். வீட்டு முகவரியைக் குர்த்தியின் கழுத்தில் தைக்க விரும்பாதவர்களுக்கு அந்த 100 டாலர் வீணில்லை. கொலுசு இதைவிடச் சிக்கலானது. குழந்தை நகைகளில் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. குழந்தை விழுங்கிவிடக்கூடிய அளவிலுள்ள பகுதிகளில் காட்மியம் 130 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் ஊர் நகைக் கடைகளில் ‘கேடிஎம்’ என்று சொல்கிறார்களே, அது காட்மியம் கலந்த பற்றவைப்புத்தான். வெள்ளி வேலையிலும் அது கலப்பதுண்டு. கொலுசின் சலங்கை மணியும் கொக்கியும் பற்றவைத்து ஒட்டப்படுபவை. ஆய்வகச் சான்று தர முடியாத பட்டறையிலிருந்து கொலுசு வரவழைக்க வேண்டாம். முதல் ஆண்டு குர்த்தி மட்டும் விற்பதுகூட நல்லதே. சரக்காக இறக்குமதி செய்ய, வருமான வரித் துறை தரும் உங்கள் ஒன்பது இலக்க வணிக எண்ணின் கீழ் இறக்குமதிக்கென்று தனிக் கணக்கு ஒன்றும் வேண்டும். உறவினர் பெட்டியில் ஐம்பது குர்த்தியைப் போட்டு ‘சொந்த உபயோகம்’ என்று எழுதுவது பொய் அறிவிப்பு.

இவ்வளவும் கையில் இருந்தால் இப்போது கணக்கைத் திறக்கலாம். கடைக்கென்று புதிய மின்னஞ்சல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்புக்கு ஊர் சிம் எண்ணையோ, கூட இருப்பவரின் எண்ணையோ தர வேண்டாம். கைபேசி தொலைந்தால் கணக்குக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்துவிடுங்கள். கடையின் நாணயம் கனடிய டாலர்தானா என்று முதல் விற்பனைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். விற்பனை தொடங்கிய பிறகு அதை நாமாக மாற்ற முடியாது. கடை தெரியத் தொடங்கிய உடனேயே, விற்பனையைப் பெருக்கித் தருவதாகவும், தளத்தின் உதவிக் குழுவிலிருந்து பேசுவதாகவும் செய்திகள் வந்து குவியும். அவர்களில் யாருக்கும் கணக்குக்குள் நுழைய அனுமதி தராதீர்கள்.

பிறகு நண்பர் ஒருவரை அவருடைய அட்டையிலேயே மலிவான பொருள் ஒன்றை வாங்கச் சொல்லி, உண்மையாகவே அதை அனுப்பிவையுங்கள். அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்ததைப் பார்த்த பிறகு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கடை திறந்த செய்தியைப் போடுங்கள்.