ஹார்ப்சிகார்டை நம்பி இறங்கலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பசுமலைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மதுரை பசுமலை, பி.காம் கடைசி வருஷம். சின்ன வயசுல இருந்து சர்ச்ல கீபோர்டு வாசிக்கிறேன், டிரினிட்டி பியானோ எட்டாவது கிரேடு முடிச்சாச்சு. கொஞ்ச நாளா பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர்கள் பாக், கூப்பரான் இவங்க மியூசிக்க ஹார்ப்சிகார்ட்ல (பியானோவுக்கு முந்தின காலத்து கீபோர்டு கருவி) கேட்டு கேட்டு மனசு முழுசா அங்க போயிருச்சு, இதையே தொழிலா எடுத்து படிக்கணும்னு இருக்கு. ஆனா நேர்ல ஒரு ஹார்ப்சிகார்ட தொட்டுகூட பாத்ததில்ல. அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேக்குறாரு, "இத வாசிச்சா யாருப்பா காசு குடுப்பா?" எனக்கு பதில் தெரியல.

திண்டுக்கல் டு ஹேக்:
தம்பி, நான் ஹாலந்துல படிச்சு முடிச்சுட்டு இங்கயே வாசிச்சுகிட்டு இருக்கேன். அப்பா கேட்டது சரியான கேள்வி. தனியா மேடைல உக்காந்து ஹார்ப்சிகார்ட் வாசிச்சே பொழைக்கிறவங்க உலகத்துலயே ரொம்ப கொஞ்சம் பேர்தான், மிச்ச எல்லாருக்கும் சோறு போடுறது கன்டினுவோ, அதாவது பக்கவாத்தியம். நோட்டுல பேஸ், அதாவது கீழ் ஸ்வர வரி மட்டும் இருக்கும், அதோட 6, 7னு நம்பர் போட்டிருக்கும், வலது கை என்ன வாசிக்கணும்னு பாடுறவங்க மூச்ச பாத்து நாமளே அந்த நேரத்துல முடிவு பண்ணணும். பாக்கோட மகன் கார்ல் பிலிப் இமானுவேல் எவ்வளவு பெரிய ஆளு, அவருக்கே பல வருஷம் உத்தியோகம் என்னன்னா பிரஷ்ய ராஜா ஃபிரெடரிக் புல்லாங்குழல் வாசிக்க இவர் பக்கத்துல உக்காந்து வாசிக்கிறதுதான். கீபோர்டு வாசிப்பு பத்தி அவர் எழுதின நூலோட ரெண்டாம் பாகம், 1762ல வந்தது, பெரும்பகுதி பக்கவாத்தியம் பத்தியே.

ஈஸ்டருக்கு முந்தின வாரங்கள்ல இங்க ஊருக்கு ஊரு பாக்கோட மத்தேயு பாடுகள் (இயேசுவோட பாடுகள் பத்தின பெரிய பாட்டுக் கச்சேரி) நடக்கும், அப்ப சின்ன பெட்டி ஆர்கன் வாசிக்க ஆள் தேடுவாங்க, அதனால ஆர்கனையும் விட்டுறாதீங்க. மத்த மாசத்துல பாடம் எடுத்துதான் ஓட்டணும். அப்புறம் ட்யூனிங். பியானோ மாதிரி உள்ள இரும்பு ஃப்ரேம் கிடையாது, எல்லாம் மரம், காத்துல ஈரம் மாறுனா சுருதி ஓடிரும், கச்சேரிக்கு முன்னாடி பெரும்பாலும் வாசிக்கிறவங்களே உக்காந்து ட்யூன் பண்ணணும், இடைவேளைல மறுபடியும். இது தெரியாம யாரும் கூப்பிட மாட்டாங்க.

மேலூர் ஆர்மோனியம்:
அண்ணன் சொன்னத படிச்சதும் எங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு, எங்க வீட்டுல தாத்தா காலத்துல இருந்து நாடகத்துக்கு ஆர்மோனியம். ராஜபார்ட்டு எந்த இடத்துல இழுப்பாரு எங்க விடுவாருன்னு அவர் வாய பாத்தே விரல் போகும், எழுதி வச்ச நோட்டுன்னு ஒண்ணும் கிடையாது. பங்குனி சித்திரை திருவிழா சமயத்துல நம்ம பக்கம் விடிய விடிய நாடகம் நடக்கும்ல, ஒரு நாள் ஆர்மோனியக்காரர் பக்கத்துல போய் உக்காருங்க. மேல்நாட்டு ஆர்மனி வராது, பாடுறவங்கள கவனிக்கிற காது வரும். இன்னொண்ணு, சீசன்ல வந்த காச வச்சு மழைக்காலத்த ஓட்டுற பொழப்பு இது, வீட்டுல மறைக்காம சொல்லிருங்க தம்பி.

பசுமலைக்காரன்:
ரொம்ப நன்றிண்ணே ரெண்டு பேருக்கும். கருவியே இல்லாம இப்ப எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

திண்டுக்கல் டு ஹேக்:
வீட்டுல டிஜிட்டல் பியானோ இருந்தா ஹார்ப்சிகார்ட் சவுண்டு வச்சு டச் ரெஸ்பான்ஸ, அதாவது ஓங்கி அடிச்சா சத்தம் கூடுற வசதிய, ஆஃப் பண்ணிருங்க. நிஜத்துலயும் அப்படித்தான், கட்டைய அழுத்துனா உள்ள ஒரு சின்ன முனை கம்பிய மீட்டும், எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் சத்தம் பெருசா அதிகமாகாது. அதனால ஒரு ஸ்வரத்த எவ்வளவு நீட்டுறோம், அடுத்ததுக்கு முன்னாடி எவ்வளவு இடைவெளி விடுறோம்ங்கிறதுலதான் அழுத்தம் கொண்டுவரணும். பியானோக்காரங்களுக்கு கஷ்டமே இதுதான். ட்ரான்ஸ்போஸ்ல அரை ஸ்வரம் இறக்குனா 415 ஹெர்ட்ஸ் பிட்ச் கிட்ட வந்துரும், பரோக் (பாக் காலத்து இசை) வாசிக்கிற குழுக்கள்ல அதான் வழக்கம். பல மாடல்ல வெர்க்மைஸ்டர், மீன்டோன் டெம்பரமென்ட்னு பழைய சுருதி சேர்க்கிற முறைங்கல்லாம் இருக்கும், மாத்தி மாத்தி கேளுங்க.

அப்புறம் உங்க பாமாலை நோட்ட எடுங்க. நாலு குரல்ல நடு ரெண்ட பேப்பர வச்சு மறைச்சுட்டு, மேல் ராகத்தையும் பேஸையும் மட்டும் பாத்து மிச்சத்த நீங்களா நிரப்புங்க. தினம் ஒரு பாட்டு. கன்டினுவோவுக்கு இதவிட நல்ல ஆரம்பம் எனக்கு தெரியல.

படிக்க ஹேக் ராயல் கன்சர்வேட்டரி, ஸ்விட்சர்லாந்து பாசல்ல 1933ல தொடங்குன ஸ்கோலா கன்டோரம் ரெண்டும் நல்ல இடம். பியானோவுல இருந்து மாறி வந்தவங்க நிறைய பேர், பேர் போன ஹார்ப்சிகார்ட் கலைஞர் லண்டோவ்ஸ்காவே முதல்ல பியானோதான். ஆனா அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஐரோப்பால நடக்குற கோடைக்கால பயிற்சி ஒண்ணுக்காவது வந்து நிஜ கருவிய வாசிச்சு பாருங்க. ஐரோப்பா ஆளுங்களுக்கு ஒரு ஃபீஸ், நம்மளுக்கு அதவிட ரொம்ப கூட, விசாவுக்கு பேங்க்ல பணமும் காட்டணும். அதனால ஸ்காலர்ஷிப் விவரம் கையில வந்தப்புறம் அப்பாட்ட பேசுங்க. பி.காம முடிச்சுருங்க, அதுல மட்டும் கை வைக்காதீங்க.