புகைத்தடியா, புகைக்கண்டமா? புகையில் பதமான இறைச்சிக்கு ஒரு சொல்

தருமபுரி, உணவுத் தயாரிப்புப் பயிற்சி ஆசிரியை

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டு மாடியிலேயே புகையில் இறைச்சியைப் பதமாக்கும் முறை பற்றி எங்கள் மாணவியருக்காக ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். எனக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு வரைவில் முதல் பாடத்தின் தலைப்பு "இறைச்சி புகைபிடித்தல்" என்று இருந்தது. அதைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், இது புகையிலை ஒழிப்புப் பாடமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறே இல்லை.

எனக்கு வேண்டியது ஒரு சொல் அன்று, மூன்று சொற்கள். தணலுக்கு நேர் மேலே வைத்துச் சில நிமிடங்களில் சுட்டெடுப்பது ஒன்று. மூடிய கலத்தில் நெருப்பை ஓரமாக ஒதுக்கி, 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், புகை சூழப் பல மணி நேரம் வேகவிடுவது மற்றொன்று. உப்பிட்ட இறைச்சியை 30 டிகிரிக்கும் குறைந்த புகையில் வேகாமலே பதப்படுத்துவது மூன்றாவது. நம் நெடுஞ்சாலைக் கடைகளின் பலகைகளில் இவை எல்லாவற்றுக்கும் பார்பிக்யூ என்ற ஒரே பெயர்தான். பெயர் ஒன்றானால் முறையும் ஒன்றென்று மாணவியர் நினைத்துவிடுகிறார்கள். கோழியின் உள்வெப்பம் 74 டிகிரியைத் தொட்ட பிறகே எடுக்க வேண்டும் என்பதும், மூன்றாம் முறையை வீட்டில் முயலவே கூடாது என்பதும் அவர்கள் மனத்தில் பதிய வேண்டுமானால், சொற்கள் தெளிவாகப் பிரிந்து நிற்க வேண்டும்.

பென்னாகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, முதல் முறைக்கு நாம் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. "காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை" என்று பொருநராற்றுப்படை பாடிவிட்டது. காழ் என்பது கம்பி. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டை, சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒற்றி ஒற்றித் தின்ற காட்சி அது. ஆகவே "சுடுதல்" போதும்.

இரண்டாம் முறைக்குப் "புகைத்தடி" என்பதை முன்வைக்கிறேன். தடி என்றால் தசைத்துண்டு. நம் தகடூர் அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டில் "என்பொடு தடிபடு வழியெல்லாம் எமக்கீயும் மன்னே" என்று வருகிறது. எலும்போடு கூடிய தசை கிடைத்த இடத்திலெல்லாம் அதை எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று புலம்புகிறார். இந்த மண்ணின் மன்னன் கையால் கொடுத்த பொருளுக்கு இருந்த பெயர், இந்த மண்ணில் எழுதப்படும் கையேட்டில் மீண்டும் வழங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஓசூர், சமையற்கலைஞர்

ஐயா மன்னிக்க வேண்டும். அந்தப் பாட்டை இன்றுதான் முழுதாகப் படித்தேன், நெஞ்சு கனத்தது. ஆயினும் கடையில் நின்று "புகைத்தடி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால், வாங்க வந்தவரும் விற்பவரும் கைத்தடியைத்தான் நினைப்பார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயில் புழங்கும் ஊர் எங்களுடையது. சொல் கேட்டவுடன் விளங்க வேண்டும்.

நம் ஊரில் இதற்குச் சொற்கள் ஏற்கெனவே உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டுத்தலை வாங்கினால், "வாட்டித் தரட்டுமா?" என்று கேட்கிறார்கள். கரியடுப்பில் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்ட, மயிர் பொசுங்கி, தோல் முதலில் மஞ்சளாகி, பிறகு கருத்து, காதோரம் மட்டும் சுருண்டுகொள்ளும். அதைக் கத்தியால் சுரண்டிக் கழுவிய பிறகும் அந்தப் புகைவாசனை குழம்பு வரை வருகிறது. வாழைத்தாரைக் குழியில் அடுக்கிப் புகைவிட்டுப் பழுக்க வைப்பதை மூட்டம் போடுதல் என்கிறோம். விறகைக் கரியாக்குவதும் கரிமூட்டம்தான். மூடிவைத்துப் புகையால் பதமாக்குவது என்ற கருத்து அந்தச் சொல்லுக்குள் முழுமையாக இருக்கிறது. ஆகவே கலத்திற்கு "மூட்டக்கலம்" என்றும், உப்புக்கண்டம் என்பதன் வழியில் இறைச்சிக்குப் "புகைக்கண்டம்" என்றும் சொல்லலாமே.

"கரிக்கறி" என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ரகர றகர வேறுபாட்டைப் பேச்சில் காப்பாற்ற முடியாத நாளில் அது வேண்டாம்.

கிருஷ்ணகிரி, மாந்தோப்பு வைத்திருப்பவர்

பார்பிக்யூ என்ற சொல்லின் வேரையே யாரும் தொடவில்லை. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள், குச்சிகளால் கட்டி உயர்த்திய ஒரு சட்டத்தை அழைத்த பெயர் ஸ்பானிய மொழியில் பார்பகோவா ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்திற்குப் போயிற்று. உணவுக்கும் முன்னால் அது ஒரு மேடையின் பெயர். அப்படிப்பட்ட மேடைக்கு நம்மிடம் இருக்கும் பெயர் பரண்.

என் பாட்டி வீட்டில் விறகடுப்புக்கு மேலே மூங்கில் பரண் ஒன்று இருந்தது. விதைக்கு வைத்த சோளக்கதிரும் அவரைக்காயும் அதில்தான் தொங்கும். புகை படிந்து மூங்கில் கருங்காலி போல் மின்னும், கை வைத்தால் பிசுபிசுக்கும். ஒரு விதையில்கூடப் பூச்சி விழுந்ததில்லை. உப்புக்கண்டத்தையும் மழைக்காலத்தில் அங்கேயே கட்டுவார். கேழ்வரகுக் காட்டில் யானைக்கும் பன்றிக்கும் இரவுக் காவல் இருக்கும் மேடையும் பரண்தான். பர என்ற வேரிலிருந்து பரவு, பரப்பு, பரண் என்று தொடர்ந்து போனால், பரப்பிவைக்கும் இடம் என்ற பொருள் தெளிவாகக் கிடைக்கிறது. ஒலி ஒப்புமையைக் காட்டித் தைனோ மொழிக்கும் தமிழுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. பொருள் ஒப்புமை ஒன்றே எனக்குப் போதும். "பரண்கறி" என்பதைக் கருதிப் பாருங்கள்.

விறகு பற்றியும் கையேட்டில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். டெக்சாசில் ஓக்கும் மெஸ்கீட்டும் எரிக்கிறார்கள். மெஸ்கீட்டின் நெருங்கிய உறவுதான் நம் சீமைக்கருவேலம். ஆனால் அறுவடை முடிந்து கவாத்து செய்த மாங்கிளைகள் இங்கே குவிந்து கிடக்கும்போது வேறு எதையும் தேட வேண்டாம். நன்றாகக் காய்ந்த கட்டை மெல்லிய, நீலம் ஓடிய புகை விடும். பச்சைக்கட்டை விடும் கெட்டியான வெள்ளைப்புகை இறைச்சியைக் கசக்க வைத்துவிடும்.

பென்னாகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பரண் நல்ல சொல். ஆனால் இன்று வீட்டில் பரண் என்றால் பழைய பாத்திரம் போடும் இடம் என்றாகிவிட்டது. தடி இன்று வழக்கில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகைக்கண்டத்தை என்னால் ஏற்க இயலாது. கண்டம் வடசொல். அது மட்டுமன்று, "அவனுக்கு நீரில் கண்டம்" என்று சோதிடர் சொல்லும் சொல்லும் அதுதான். தூய தமிழில் "புகையூன்" என்று சொல்லலாம். புகை, ஊன் இரண்டும் யகர உடம்படுமெய் பெற்று இயல்பாகச் சேர்கின்றன. இரண்டெழுத்து ஊன் இருக்க, வடமொழிக்குப் போக வேண்டிய வறுமை தமிழுக்கு இல்லை.

தருமபுரி, உணவுத் தயாரிப்புப் பயிற்சி ஆசிரியை

ஐயா, புகையூனை நேற்று வகுப்பில் எழுதிப் பார்த்தேன். முப்பது பேரில் பலரும் ஊன் என்ற சொல்லைத் "தன்னூன் பெருக்கற்குத் தான்பிறிது ஊனுண்பான்" என்ற குறளில்தான் சந்தித்திருக்கிறார்கள். அது புலால் மறுத்தல் அதிகாரம். இறைச்சி உண்ணாதே என்று கற்பித்த சொல்லை இறைச்சிச் சமையலின் தலைப்பாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்டமோ, வடசொல்லே ஆனாலும் உப்போடு சேர்ந்து நம் அடுக்களைக்கு எப்போதோ வந்துவிட்டது. "புகைக்கண்டம் என்றால் என்ன?" என்று கேட்டதும், "உப்புக்கண்டம் மாதிரி, உப்புக்குப் பதில் புகை" என்று ஒரு மாணவி தானாகவே பொருள் சொன்னாள். புகையால் பதமான கண்டம் என்று மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக அவள் அதை விரித்ததைக் கேட்டிருந்தால் நீங்களே மகிழ்ந்திருப்பீர்கள்.

செயலுக்குப் "புகையூட்டல்" என்று முடிவு செய்திருக்கிறேன். உண் என்பதன் பிறவினை ஊட்டு. இறைச்சியைப் புகை உண்ணச் செய்கிறோம். கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டிய மொழிக்கு இது புதிதன்று. வேகவிடும் முறை வெம்புகையூட்டல், வேகவிடாத முறை தண்புகையூட்டல். தணலில் சுடுவது, ஐயா சொன்னபடி, சுடுதலாகவே நிற்கட்டும்.

இன்னும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறேன். பெரிய நெஞ்சுக்கறித் துண்டின் உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் நின்றுவிடும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கு என்ன காரணமோ அதுவேதான் இங்கும். மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. இதை "வெப்பத் தேக்கம்" என்று எழுதியிருக்கிறேன். தெரியாதவர்கள் பதறி நெருப்பைக் கூட்டிவிடுகிறார்கள். 95 டிகிரி வரை பொறுத்திருந்தால் தசைகளை இணைக்கும் நார்ப்பகுதி கூழாகி இளகும். வெந்த துண்டை அறுத்தால் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையத்தைப் "புகைவளையம்" என்றால் மீண்டும் சிகரெட்டுக்கே போய்விடுவோம். புகையிலுள்ள வாயுக்கள் தசையின் நிறமியோடு சேர்வதால் வரும் சிவப்பு அது, வேகாத கறியன்று. "செவ்விளிம்பு" பொருந்துமா?

ஓசூர், சமையற்கலைஞர்

செவ்விளிம்பு பொருந்தும், அம்மா. வெப்பத் தேக்கமும் விளங்குகிறது. புகைக்கண்டத்திற்கு என் வாக்கு முன்பே உண்டு.

கிருஷ்ணகிரி, மாந்தோப்பு வைத்திருப்பவர்

பரண்கறியை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் மூட்டக்கலத்திற்குள் இறைச்சி வைக்கும் கம்பித்தட்டுக்காவது "பரண்" என்று எழுதுங்கள். ஆறு மாதம் காய்ந்த மாங்கட்டை ஒரு மூட்டை சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புகிறேன்.

பென்னாகரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தட்டுக்குப் பரண் மிகப் பொருத்தம். அதற்கு என் முழு உடன்பாடு. புகைக்கண்டத்திற்கு உடன்பாடு இல்லை. நாளை அச்சுக்குப் போவதால் தடுக்கமாட்டேன். பின்னிணைப்புச் சொற்பட்டியலில் அதன் எதிரே புகையூன் என்றும் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள், அம்மா. இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.