வால்பாறையிலிருந்து சென்னைக்கு அப்பாவின் பழைய பிக்கப்: கட்டி இழுப்பதா, ஏற்றிக்கொண்டு போவதா?

எஸ்டேட்பையன்

அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது. வால்பாறையில் மளிகைக்கடை வைத்திருந்தார். பொள்ளாச்சியில் சரக்கெடுத்து மேலே கொண்டுவருவதற்காக 1994-இல் வாங்கிய டாடா மொபைல் 206 ஒன்று வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிற்கிறது. முழங்கால் வலி வந்த பிறகு அவரும் எடுக்கவில்லை, வேறு யாரையும் எடுக்க விடவும் இல்லை. இப்போது வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போகிறேன். வண்டியைக் காயலான் கடையில் போட மனசு வரவில்லை.

நிலைமை இதுதான். பேட்டரி செத்துவிட்டது, எஞ்சின் சுற்றுமா என்பதே தெரியாது. முன்சக்கரம் இரண்டும் தள்ளினால் நகர்கின்றன, பின்னால் இடது சக்கரம் அசையவே மாட்டேன் என்கிறது. டயர் நான்கிலும் பக்கவாட்டில் வெடிப்பு. மற்றபடி பாடி பரவாயில்லை, இந்த ஊர் மழைக்கு இதுவே ஆச்சரியம்.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அத்தை மகன் பொலேரோ வைத்திருக்கிறான், "கயிறு கட்டினால் ரெண்டு ராத்திரியில் சென்னை, டீசல் மட்டும் போடு" என்கிறான். உள்ளூர் மெக்கானிக் புது பேட்டரி போட்டு ஓட்டியே போய்விடலாம் என்கிறார். மனைவி சொல்வதை இங்கே எழுதவில்லை. தூரம் 600 கிலோமீட்டரை ஒட்டி வரும், அதில் முதல் பகுதி மலைப்பாதை. கயிறா, இரும்பு பாரா, முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டியா, முழு வண்டியையும் தட்டையான தளத்தில் ஏற்றிக்கொண்டு போகும் ஃப்ளாட்பெட்டா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கிரவுன்பினியன்

முதலில் அந்தக் கயிற்றை எடுத்து மாட்டுக்குக் கட்டச் சொல்லுங்கள். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும்போது வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது, இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, பின்னால் வருகிற வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும், 'இழுத்துச் செல்லப்படுகிறது' என்று போர்டும் மாட்ட வேண்டும். அந்த அனுமதியே பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான். 600 கிலோமீட்டரை 25-இல் போனால் நிற்காமல் ஓட்டினாலும் 24 மணி நேரம். நெடுஞ்சாலையில் ராத்திரி 25-இல் ஊர்ந்துகொண்டிருந்தால் பின்னால் வருகிற ஆம்னி பஸ்காரனுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

சட்டத்தை விடுங்கள், பிரேக்குக்கு வாருங்கள். எஞ்சின் ஓடினால்தான் வேக்குவம் பம்ப் ஓடும், அது ஓடினால்தான் நாம் மிதிக்கிற பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்யும். எஞ்சின் நின்ற வண்டியில் பெடல் கல்லாக இருக்கும், இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றாலும் பாதி பிரேக்தான் பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு மலையடிவாரத்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். இறக்கத்தில் கயிறு தொய்யும், முன்வண்டி கொஞ்சம் வேகமெடுத்ததும் வெடுக்கென்று இழுக்கும், அந்த வெட்டில்தான் கொக்கி பிடுங்கிக்கொண்டு வரும். வளைவில் இன்னொரு தொல்லை: முன்வண்டி திரும்பி முடித்ததும் கயிறு குறுக்கு வழியில் இழுக்கும், பின்வண்டி உள்பக்கச் சுவரை உரசப் போகும். இரும்பு பார் போட்டால் வெட்டு குறையும், ஆனால் பிரேக் பிரச்சினை அப்படியே இருக்கும்.

அப்புறம் கியர்பாக்ஸ். நியூட்ரலில் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். இது பின்சக்கரத்துக்கு பவர் போகும் வண்டி. சக்கரம் உருண்டால் பின் அச்சையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற நீளத் தண்டு, அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட், சுற்றும், அது கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்ட்டைச் சுற்றும். ஆனால் அடியில் எண்ணெயில் முங்கிக்கொண்டிருக்கும் லே ஷாஃப்ட் என்கிற பல்சக்கரத் தண்டு எஞ்சின் சுற்றினால்தான் சுற்றும், அதுதான் எண்ணெயை மேலே வாரி அடிப்பது. எஞ்சின் நின்றிருந்தால் மேலே இருக்கிற பேரிங்கும் புஷ்ஷும் காய்ந்தபடி ஓடும். ஐந்து, பத்து கிலோமீட்டர் மெதுவாகப் போனால் தாங்கும். 600 தாங்காது. முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டிக்கும் இதே கதைதான், பின்சக்கரம் ரோட்டில்தானே உருள்கிறது. அப்படியே போயாக வேண்டும் என்றால் பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பக்கம் நான்கு போல்ட்டைக் கழற்றி புரொபெல்லர் ஷாஃப்ட்டை இறக்கிவிட வேண்டும். கழற்றும் முன் போல்ட் பூட்டும் இணைப்புத் தட்டு (ஃபிளாஞ்ச்) இரண்டிலும் ஒரே கோட்டில் பெயின்ட் வையுங்கள், மாற்றிப் பூட்டினால் அப்புறம் வண்டி ஆடும்.

நான்கு சக்கரமும் ரோட்டைத் தொடக் கூடாது. ஃப்ளாட்பெட்தான்.

ஆழியாறு40

நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் செயினைக் கட்டித்தான் லாரியையே மலையிலிருந்து இறக்கினோம், ஒன்றும் ஆகவில்லை. இப்போது எல்லாவற்றுக்கும் பயம்.

கிரவுன்பினியன்

அண்ணா, நீங்கள் இறக்கிய லாரியில் பழக்கப்பட்ட டிரைவர் உட்கார்ந்திருப்பார், ரோட்டில் மணிக்கு நாலு வண்டி வரும். இங்கே பின்வண்டியில் யார் உட்காரப் போகிறார்கள்? கேட்டவர் சென்னையில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர் போலத் தெரிகிறது.

எஸ்டேட்பையன்

தட்டுகிறவன்தான். சரி, கயிறு வேண்டாம். இரண்டு சந்தேகம். ஃப்ளாட்பெட் அந்த வளைவுகளில் திரும்புமா? பின்சக்கரம் ஒன்று உருளவில்லையே, வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் உருளை) போட்டு இழுத்தால் ஏறிவிடுமா?

தேங்காய்லோடு

பொள்ளாச்சிப் பக்கம் டிரான்ஸ்போர்ட்டில் இருப்பவன், அதனால் வளைவைப் பற்றி நான் சொல்கிறேன். அரசு பஸ் தினமும் ஏறி இறங்குகிற ரோடு, அதனால் நடுத்தர அளவு ஃப்ளாட்பெட் தாராளமாகத் திரும்பும். பெரிய கார் கம்பெனி டிரெய்லர் மாதிரி நீளமானதைக் கேட்காதீர்கள், பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் முனை வளைவில் தரையைத் தேய்க்கும். கோயம்புத்தூரிலிருந்து வரும் டிரைவரிடம் "இந்த மலை ஏறியிருக்கிறீர்களா" என்று நேராகக் கேளுங்கள், இழுத்துப் பேசினால் வேறு ஆளைப் பாருங்கள். 3,500 அடி உயரத்திலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே பிடிக்கிற மாதிரி விட வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆழியாறு வருவதற்குள் லைனிங் வாடை அடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும், அந்த மாதங்களைத் தவிர்த்துவிட்டால் பாதி தலைவலி குறையும். காலையில் இறங்குங்கள்.

சென்னை வரைக்கும் அதே ஃப்ளாட்பெட் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. போக 600, காலியாகத் திரும்ப 600, இரண்டுக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். பொள்ளாச்சி வரைக்கும் ஃப்ளாட்பெட், அங்கிருந்து சென்னை போகிற திறந்த லாரியில் ஏற்றிவிடலாம். சென்னையிலிருந்து லோடு கொண்டுவந்துவிட்டுத் திரும்புகிற வண்டி கிடைத்தால் வாடகை நன்றாகவே குறையும். 17 அடி பாடி போதும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், பம்பர் முதல் பம்பர் வரை டேப் வைத்து அளந்துவிட்டு 19 அடியாகவே கேளுங்கள். கதவு மூட முடியாமல் திறந்தபடி போனால் வழியெல்லாம் நிறுத்துவார்கள். ஏற்றுவதற்கு லாரி தளத்தோடு சமமாக இருக்கிற மேடை வேண்டும், மண்டிக் கிட்டங்கிகளில் இருக்கும். இரண்டு பலகையைச் சாய்த்துவைத்து ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள், பலகை நழுவினால் கீழே நிற்கிற ஆள் காலி.

வாடகை பேசும்போது ஏற்றுகூலி, இறக்குகூலி, டோல், காத்திருக்கும் நேரம், எல்லாம் சேர்த்தா என்று முதலிலேயே வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள், கண்ணாடி, லைட், ஸ்டெப்னி உட்பட. ஸ்டெப்னி வழியில் இறங்கிப் போன கதைகள் நிறைய உண்டு.

கிரவுன்பினியன்

வின்ச் கேள்விக்கு வருகிறேன். சக்கரம் பூட்டியிருக்கும்போது வின்ச்சால் இழுத்தால் வண்டி வரும், வராமல் எங்கே போகிறது. ஆனால் வெடித்த டயர் தரையில் தேய்ந்து கிழியும், இல்லை பம்பர் கையோடு வந்துவிடும். கொக்கியைப் பம்பரில் மாட்டவே கூடாது, சேஸியில் இருக்கும் இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும், அதுவும் துரு பிடித்து உளுத்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு.

பூட்டியிருப்பது அநேகமாக பிரேக் ஷூ, அதைச் சுற்றியிருக்கும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டதுதான். ஹேண்ட் பிரேக் போட்டபடி ஈரத்தில் நின்ற எல்லா வண்டிக்கும் வருகிற வியாதி. முதலில் ஹேண்ட் பிரேக்கை இறக்கி, கேபிள் உண்மையிலேயே தளர்கிறதா என்று அடியில் பாருங்கள். லிவர் இறங்கியிருக்கும், கேபிள் உறைக்குள்ளேயே துருவேறிப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் ஜாக்கியை மட்டும் நம்பாமல் கீழே கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். ஓங்கி ஓரிடத்தில் அடித்தால் வார்ப்பு இரும்பு விரிசல் விடும். துரு எண்ணெய் அடித்து ராத்திரி ஊறவிட்டு மறுநாள் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். பின்பக்கத் தட்டில் அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவைத் தளர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. கொட்டகைக்குள் படுத்து வேலை செய்யும் முன் ஒரு தடியால் தட்டிவிட்டுப் போங்கள், ரத்தம் குடிக்கிற அட்டை மட்டும்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், பாம்பும் இருக்கலாம்.

டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும், 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருஷத்துக்கு மேலான, வெடிப்பு விட்ட டயர் காற்றடிக்கும்போதே வெடிக்கலாம், முகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள். ஏற்றி இறக்க மட்டும்தானே, பழைய டயர் கடையில் உருளுகிற மாதிரி நாலு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்றிய பிறகு கட்டுவதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். இதற்குப் பின்னால் பட்டா ஸ்பிரிங். பாடியையோ சேஸியையோ பிடித்துக் கீழே கட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஸ்பிரிங் அமுங்கி எழும், பெல்ட் தளர்ந்து இறுகித் தளர்ந்து கடைசியில் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ராட்செட்டே விட்டுக்கொடுக்கும். சக்கரத்தின் மேல் பெல்ட் போட்டுத் தளத்தோடு கட்டச் சொல்லுங்கள், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக. பாடி மேலே ஆடிக்கொள்ளட்டும், சக்கரம் நகரக் கூடாது, அவ்வளவுதான். அச்சில் கொக்கி மாட்டுவார்கள், அங்கே டிஃபரன்ஷியல் குழாயை ஒட்டியே பிரேக் பைப் போகும், பென்சிலைவிட மெலிது, கொக்கி அதன் மேல் உட்கார்ந்தால் நசுங்கிவிடும். நீங்களே குனிந்து பாருங்கள். பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை, கியரில் விடுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள். கிளம்பி இருபது, முப்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லா பெல்ட்டையும் மறுபடி இறுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது மலைப்பாதையிலேயே வந்துவிடும், ஒன்பதாவது வளைவில் வியூ பாயின்ட் பக்கம் வண்டி ஒதுங்க இடம் உண்டு.

உள்ளூர் மெக்கானிக் சொன்ன "பேட்டரி போட்டு ஓட்டிவிடலாம்" பற்றியும் ஒரு வார்த்தை. வருஷக்கணக்கில் நின்ற பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சியிருக்கும், அது கொதிக்கிற இடம் இறக்கம்தான். ஸ்டார்ட் ஆவதும் நிற்பதும் வேறு வேறு.

பழையஆர்சி

எல்லோரும் பெல்ட்டையும் டயரையும் பேசுகிறீர்கள், வண்டி யார் பேரில் இருக்கிறது? உரிமையாளர் இறந்தால் 30 நாளைக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், அப்படித் தெரிவித்தால் வாரிசு மூன்று மாதம் வரை தன் வண்டி மாதிரி பயன்படுத்தலாம், அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பேர் மாற்ற வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 56. உங்களுக்கு முதல் கெடு போய்விட்டது, இரண்டாவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இன்றே போடுங்கள், அதுதான் இழுக்கும். அதில் அம்மா பேர், கூடப் பிறந்தவர்கள் பேர் எல்லாம் வரும், அவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும்.

வண்டிப் பதிவுச் சான்றான ஆர்சி புத்தகத்தில் பின்பக்கம் பாருங்கள். 1994-இல் கடனில் வாங்கியிருந்தால் ஃபைனான்ஸ் பேர் இன்னும் நீக்காமல் இருக்கலாம், கடன் எப்போதோ அடைந்திருக்கும். அந்தக் கம்பெனியே இப்போது இருக்கிறதா என்று தேடுவது தனிப் படலம். சரக்கு வண்டி என்பதால் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு, அது முடிந்து எத்தனை வருஷம் ஆகிறதோ. அதனால்தான் சொல்கிறேன், ஓட்டியோ கட்டி இழுத்தோ போனால் இத்தனை குறையும் ரோட்டில் வைத்தே கேட்பார்கள். லாரியின் மேல் சரக்காகப் போனால் பேச்சு சுலபம். அப்போதும் ஆர்சி நகல், இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார் நகல் மூன்றையும் டிரைவர் கையில் கொடுத்தனுப்புங்கள், திருட்டு வண்டியா என்று கேட்டால் காட்ட வேண்டும்.

தேங்காய்லோடு

கேட்காத யோசனை ஒன்று. பொள்ளாச்சியில் இறக்கியதும் அங்கேயே எஞ்சின், பிரேக் வேலையை முடித்துவிடுங்களேன். இந்த எஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கிற பழைய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள், சாமான் கோயம்புத்தூரில் கிடைக்கும். செத்த வண்டியைச் சென்னை அடுக்குமாடி பார்க்கிங்கில் இறக்கினால் மறுநாளே அசோசியேஷன்காரர் கதவைத் தட்டுவார்.

எஸ்டேட்பையன்

அசோசியேஷன் செயலாளர் எதிர்வீட்டுக்காரரேதான், அதனால் பொள்ளாச்சி முடிவாகிவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாயிற்று. தங்கை கையெழுத்துப் போடுகிறாள், வண்டி சரியானதும் முதலில் அவள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமாம். மெக்கானிக்கோடு உட்கார்ந்து டிரம்மைக் கழற்றினோம், நீங்கள் சொன்னதுதான், ஷூ ஒட்டியிருந்தது, இப்போது சக்கரம் சுற்றுகிறது.

ஒரே சிக்கல், சாவியைக் காணோம். வீடு முழுக்கத் தேடியாயிற்று. ஸ்டீயரிங் லாக் விழுந்து சக்கரம் இடதுபக்கம் திரும்பியபடி நிற்கிறது. கொட்டகை வாசல் நேரே வலதுபக்கம்.

கிரவுன்பினியன்

லாக்கை உடைக்க வேண்டாம், மாற்று கிடைப்பது கஷ்டம். பொள்ளாச்சியிலிருந்து சாவி போடுகிறவரை வரவழைத்தால் சிலிண்டரைப் பார்த்துப் புதுச் சாவி வெட்டித் தருவார். அதுவும் நடக்கவில்லை என்றால் முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி அடியில் சக்கரத்துக்கொரு இரும்புத் தகடு, தகட்டுக்கு அடியில் தாராளமாக கிரீஸ், அதன் மேல் இறக்கிவிட்டு முன்பக்கத்தை நாலு பேர் பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கித் திரும்பும். சிமென்ட் தரையாக இருந்தால்தான் இது நடக்கும். தள்ளும்போது பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்திருங்கள், வாசல் இறக்கமாக இருக்கிறதா என்று சொல்லவில்லையே?

எஸ்டேட்பையன்

இறக்கம்தான். கட்டை வைக்கிறேன். சாவிக்காரர் வியாழக்கிழமை வருகிறார்.