கரிகுலம் கமிட்டி: எந்த மாற்றத்துக்கு யாரு அப்ரூவல் குடுக்கணும்?

ஃபார்மா மேடம்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க மெடிக்கல் காலேஜ்ல கரிகுலம் கமிட்டி (பாடத்திட்டக் குழு) செகரட்டரி பொறுப்ப என்கிட்ட குடுத்திருக்காங்க. பழைய ஃபைல எடுத்துப் பாத்தா ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் அவங்களே லெக்சர கூட்டிக் கொறச்சு டைம்டேபிள்ல போட்டுட்டு, கமிட்டிக்கு "தகவலுக்காக"ன்னு ஒரு லெட்டர் அனுப்பிட்டு விட்டிருக்காங்க, பல மாற்றத்துக்கு அந்த லெட்டர் கூட இல்ல. இப்ப நாங்களும் மைக்ரோபயாலஜியும் சேந்து ஆன்டிபயாடிக்க பொறுப்பா எழுதுறது பத்தி 6 மணி நேரம் புதுசா கேக்குறோம். கமிட்டில நல்ல விஷயம்னு எல்லாரும் தலையாட்டுறாங்க, யாரும் ஒரு மணி நேரம் விட்டுத்தர மாட்டேங்குறாங்க. எந்த மாற்றம் டிபார்ட்மென்ட்லயே முடியலாம், எது கமிட்டிக்கு வரணும், எது அதுக்கும் மேல போகணும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

உடலியல் வாத்தியார்:
மேடம், முதல்ல மாற்றங்கள தரம் பிரிச்சிருங்க, அது இல்லாம எதுவும் நடக்காது. ஸ்லைட மாத்துறது, புது கேஸ் சேக்குறது, அதே வாரத்துக்குள்ள ரெண்டு கிளாஸ இடம் மாத்திக்கிறது, இதெல்லாம் கோர்ஸ் பொறுப்பாளர் கையெழுத்தோட முடியட்டும். மணி நேரம் மாறுது, கற்றல் இலக்கு மாறுது, பரீட்சை முறை மாறுது, இல்ல ஒரு பாடம் ஒரு வருஷத்துல இருந்து இன்னொரு வருஷத்துக்குப் போகுதுன்னா அது கமிட்டிக்கு வந்தே ஆகணும். புது பாடம், கோர்ஸோட மொத்த நீளம், பாஸ் மார்க் விதி இதெல்லாம் அகாடமிக் கவுன்சில், அதுக்கு மேல ரெகுலேட்டர் வரைக்கும் போற விஷயம்.

ஆனா ஒண்ணு, சின்ன மாற்றத்தையும் ரிஜிஸ்டர்ல எழுதணும். ஏன்னா ஆபத்து பெரிய மாற்றத்துல இல்ல, அதுக்குத்தான் பத்து பேர் உக்காந்து சண்ட போடுறாங்களே. நான் கண்ணால பாத்தத சொல்றேன். ஆசிட் பேஸ் பேலன்ஸ (ரத்தத்துல அமில கார சமநிலை) பிசியாலஜியும் எடுத்தாங்க, பயோகெமிஸ்ட்ரியும் எடுத்தாங்க. ரெண்டு தடவ எதுக்குன்னு ஒரு வருஷம் இவங்க கொறச்சாங்க, அவங்க எடுக்குறாங்கல்லன்னு நம்பி. அதே சமயத்துல அவங்களும் அதே நம்பிக்கையில கொறச்சுட்டாங்க. தனித்தனியா பாத்தா ரெண்டுமே சின்ன மாற்றம், ரெண்டு பேர் சொன்ன காரணமும் நியாயம். அந்த பேட்ச் வார்டுக்குப் போனப்ப பிளட் கேஸ் ரிப்போர்ட்ட கைல குடுத்தா பைகார்ப் (அமிலத்த சமன் பண்ற பைகார்பனேட்) கொறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க, அதுக்கு நுரையீரல் ஈடு குடுக்குதா இல்லையான்னு கேட்டா பதில் இல்ல. மூச்சு வாங்கிட்டு இருக்குற நோயாளிக்குப் பக்கத்துல நின்னுட்டு இது தெரியலன்னா அது பிள்ளைங்க தப்பு இல்ல, நம்ம தப்பு.

அதனால எந்த விண்ணப்பம் வந்தாலும், இந்த டாபிக்க வேற எந்த வருஷத்துல, எந்த டிபார்ட்மென்ட் தொடுறாங்கன்னு ஒரு கட்டம் இருக்கணும், அந்த எச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்தும் அதுலயே வேணும். எந்த டாபிக்க எங்க எடுக்குறாங்கன்னு காட்டுற கரிகுலம் மேப் இருந்தா இத நிமிஷத்துல பாத்துரலாம், இல்லன்னா முதல் வேலையா அத ஆரம்பிங்க, எல்லா பாடத்துக்கும் ஒரே நேரத்துல வேணாம், மாற்றம் கேட்டு வர்ற டாபிக்ல இருந்து ஆரம்பிச்சா போதும்.

பரீட்சை பிரிவு:
மேல சொன்னது சரி, நான் சேக்க வேண்டியது எக்ஸாம். பாடம் மாறிரும், எந்த டாபிக்ல எவ்வளவு கேள்வின்னு சொல்ற ப்ளூபிரிண்ட் மாறாது, எடுக்காத டாபிக்ல கேள்வி வந்து நிக்கும். ரெண்டையும் ஒரே விண்ணப்பத்துல வாங்குங்க. உங்க 6 மணி நேரத்தையே எடுத்துக்கோங்க, நோயாளியப் பாத்து ஆன்டிபயாடிக் வேணுமா வேணாமான்னு முடிவெடுத்து சீட்டு எழுதணும்ங்கிறதுதான இலக்கு? அத வெறும் எம்சிக்யூ (விடையத் தேர்ந்தெடுக்குற கேள்வி) வச்சு அளக்க முடியாது. மருத்துவக் கல்வில மில்லர்ங்கிறவர் 1990ல திறமைய படிப்படியா அடுக்கிப் போட்ட பிரமிட்ல "தெரியும்"ங்கிறது அடிப்படி, "செஞ்சு காட்டுறது" அதுக்கு ரெண்டு படி மேல. ஆஸ்கில, அதாவது ஸ்டேஷன் ஸ்டேஷனா போய் செஞ்சு காட்டுற பரீட்சைல, ஒரு ஸ்டேஷன் யார் போடுவாங்கன்னு எழுதாம வந்தா நான் ஃபைல திருப்பி அனுப்பிருவேன்.

அப்புறம் எந்த பேட்ச்ல இருந்து அமலுக்கு வருதுன்னு மினிட்ஸ்ல எழுதுங்க. நடுவுல படிச்சிட்டு இருக்குறவங்களுக்கு விதிய மாத்தாதீங்க. அரியர் வச்சு எழுதுறவங்களுக்கு பழைய சிலபஸா புதுசான்னும் அதே தீர்மானத்துல இருக்கணும், இல்லன்னா ரிசல்ட் அன்னிக்கு பிரச்சன வரும்.

ஃபார்மா மேடம்:
ரெண்டு பேருக்கும் நன்றி. மணி நேரம் விட்டுத்தர்ற விஷயம்தான் இன்னும் புரியல. எச்ஓடிங்கதான் கமிட்டில உக்காந்திருக்காங்க, அவங்கவங்க பாடத்த அவங்கவங்க காப்பாத்துறாங்க, ஓட்டுக்கு விட்டா எதுவும் வெளிய போகாது.

உடலியல் வாத்தியார்:
அது கமிட்டி அமைப்புலயே இருக்குற கோளாறு. அமெரிக்காவுல வெஸ்டர்ன் ரிசர்வ் மெடிக்கல் ஸ்கூல்ல 1952ல உறுப்பு மண்டல வாரியா (இதயம், நுரையீரல்னு) பாடத்த மாத்துனப்ப, திட்டமிடுற வேலைய தனித்தனி டிபார்ட்மென்ட்கிட்ட இருந்து எடுத்து பல துறை சேந்த பாடக் கமிட்டிங்ககிட்ட குடுத்தாங்க. அங்க மெடிக்கல் காலேஜுக்கு அங்கீகாரம் குடுக்குற எல்சிஎம்இயும் மொத்த கரிகுலத்துக்கும் ஒரு ஃபேகல்டி கமிட்டி பொறுப்பா இருக்கணும்னுதான் கேக்குது. நேரம் டிபார்ட்மென்ட் சொத்து இல்ல, கோர்ஸோடது. எச்ஓடி வரட்டும், கருத்து சொல்லட்டும், ஆனா ஓட்டு வேற வேற வருஷத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்கள்கிட்டயும் மாணவர் பிரதிநிதிங்ககிட்டயும் கூட இருக்கணும். கூடவே ஒரு விதி போடுங்க, உள்ள வர்ற மணி நேரத்துக்கு எது வெளிய போகுதுன்னு கேக்குறவங்களே எழுதிட்டு வரணும். நீங்க கேக்குற 6ல பாதி உங்க பழைய லெக்சர்லயே இருக்குமே, மெடிசின் போஸ்டிங்ல கேஸ் டிஸ்கஷனா மிச்சத்த நடத்த முடியுமான்னு பாருங்க, புது ஸ்லாட்டே தேவப்படாம போகலாம்.

மூணாம் வருஷ ஸ்டூடன்ட்:
நடுவுல பேசுறதுக்கு மன்னிக்கணும் சார், மேடம். ஒண்ணே ஒண்ணு. மாத்துனதுக்கு அப்புறம் எங்ககிட்ட கேளுங்க. ஃபீட்பேக் ஃபார்ம் வருஷ கடைசில வருது, அதுல லெக்சரர் எப்படின்னு மட்டும்தான் இருக்கும், இத எங்க ஏற்கனவே படிச்சீங்க, எது விட்டுப்போச்சுன்னு யாரும் கேக்குறது இல்ல. ஒரே டாபிக் மூணு இடத்துல வர்றது எங்களுக்குத்தான் தெரியும்.

பரீட்சை பிரிவு:
ரொம்ப சரிப்பா. மேடம், அப்ரூவல் குடுக்குற அன்னிக்கே ரிவ்யூ தேதியும், ரிப்போர்ட் கொண்டு வர வேண்டியவங்க பேரும் தீர்மானத்துல போட்டுருங்க. ரிப்போர்ட் வரலன்னா அடுத்த பேட்சுக்கு அந்த மாற்றம் தானா நீடிக்காதுன்னு ஒரு வரியும் சேருங்க.